ஆஞ்சியோடென்சின் 2 செல்லுக்குள் எழுப்பும் சமிக்ஞைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் ஹார்மோன் எது?

இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஹார்மோன்கள் பல இருந்தாலும், இந்தப் பக்கம் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஒன்றைப் பற்றியது. ஆஸ்பார்ட்டிக் அமிலம், ஆர்ஜினின், வாலின், டைரோசின், ஐசோலியூசின், ஹிஸ்டிடின், புரோலின், பினைல்அலனின் என்று எட்டு அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சிறு சங்கிலி அது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அவ்வளவு சிறியதும் அவ்வளவு விரைவில் அழிந்துபோவதுமான ஒரு மூலக்கூறு, இரத்த நாளத்தை நொடிகளில் சுருக்குவதோடு, நீண்ட காலம் மிகுந்திருந்தால் இதயத்தின் சுவரையே தடிக்கச் செய்கிறது. இந்த இரண்டு விளைவுகளும், செல்லின் மேற்பரப்பில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஒரே ஏற்பியிலிருந்து எப்படிப் பிறக்கின்றன என்பதே கீழுள்ள பதில்களின் மையம்.

இந்த ஹார்மோன் உடலில் எங்கே உருவாகிறது?

பெரும்பாலான ஹார்மோன்களைப் போல ஒரு சுரப்பியிலிருந்து முழுமையாக வெளிவருவதில்லை. ஓடும் இரத்தத்திலேயே படிப்படியாக வெட்டி எடுக்கப்படுகிறது. கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற பெரிய புரதத்தை எப்போதும் இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. சிறுநீரகத்திற்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ, சிறுநீரக நுண்குழலில் உப்பு குறைந்தாலோ, பரிவு நரம்புகள் தூண்டினாலோ, சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியிடுகிறது. ரெனின் அந்தப் பெரிய புரதத்தின் முனையிலிருந்து பத்து அமினோ அமிலங்களை வெட்டுகிறது. அதுதான் ஆஞ்சியோடென்சின் 1. பின்னர் இரத்த நாளங்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரல் நாளங்களில் மிகுதியாக இருக்கும் ஏசிஇ என்ற நொதி கடைசி இரண்டு அமினோ அமிலங்களை நீக்கிவிட, எட்டு அமினோ அமிலங்களைக் கொண்ட ஆஞ்சியோடென்சின் 2 மிஞ்சுகிறது.

ரெனினை 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டார்கள். அது நேரடியாக நாளத்தைச் சுருக்கவில்லை, வேறொரு பொருளை உண்டாக்குகிறது என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. புவெனஸ் ஐரஸில் பிரவுன்-மெனெண்டஸ் குழுவினரும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பேஜ் குழுவினரும் தனித்தனியே ஒரே பொருளைக் கண்டு, முன்னவர் ஹைபர்டென்சின் என்றும் பின்னவர் ஆஞ்சியோடோனின் என்றும் பெயரிட்டார்கள். 1958-இல் இரு தரப்பும் இணங்கி, இரண்டு பெயர்களிலிருந்தும் பாதி பாதி எடுத்து ஆஞ்சியோடென்சின் என்று வைத்தார்கள். கண்டுபிடிப்புக்கு யார் உரியவர் என்று வழக்காடாமல் பெயரைப் பங்கிட்டுக்கொண்ட அந்த இருவரின் பெருந்தன்மை இன்றும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஹார்மோன் செல்லுக்குள் நுழையாமலேயே உள்ளே எப்படி மாற்றம் நிகழ்கிறது?

செல் சவ்வு கொழுப்பாலானது. நீரில் கரையும் ஒரு பெப்டைடு, அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலி, அதைக் கடந்து செல்ல முடியாது. எனவே சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி ஒன்று வெளியில் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு, உட்புறத்தில் தன் வடிவத்தை மாற்றுகிறது. ஆஞ்சியோடென்சின் 2-இன் முக்கிய ஏற்பிக்கு ஏடி-1 என்று பெயர். 359 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், துணியில் ஊசி நூல் உள்ளும் வெளியுமாகப் போய்வருவது போல, சவ்வை ஏழு முறை குறுக்காகக் கடக்கிறது. அதன் மரபணு 1991-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் முப்பரிமாண அமைப்பு 2015-இல் வெளியானது.

ஹார்மோனின் எட்டாவது அமினோ அமிலமான பினைல்அலனின், ஏற்பியின் குழிக்குள் ஆழமாக இறங்கி அமர்கிறது. ஏற்பியைச் செயல்படுத்துவதில் இந்த முனைக்குள்ள பங்கு பெரியது. அதை வேறு அமினோ அமிலமாக மாற்றிச் செய்த சராலசின் என்ற பொருள் ஏற்பியில் நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது, ஆனால் முழு ஹார்மோன் எழுப்பும் சமிக்ஞையை எழுப்புவதில்லை. மாறாக, ஹார்மோன் அங்கே வந்து அமர்வதைத் தடுக்கிறது. ஒட்டுவதும் தூண்டுவதும் வெவ்வேறு செயல்கள் என்ற இந்தப் பாடத்தை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இந்த ஒற்றை அமினோ அமிலத்திலிருந்துதான் தொடங்குகிறேன். ஏற்பிகளைத் தடுக்கும் மருந்துகள் அனைத்தையும் புரிந்துகொள்ள அது போதும்.

ஏற்பி தூண்டப்பட்டவுடன் சவ்வின் உட்புறத்தில் முதலில் நடப்பது என்ன?

ஏற்பியின் உட்பக்கத்தில் ஜி புரதம் என்ற மூன்று துண்டுப் புரதம் காத்திருக்கிறது. ஓய்வில் அது ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும். வடிவம் மாறிய ஏற்பி அதைத் தொட்டதும் ஜிடிபி விலகி, அந்த இடத்தில் அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள குவனோசின் டிரைபாஸ்பேட் அமர்கிறது. உடனே ஜி புரதத்தின் ஆல்பா துண்டு தனியே பிரிகிறது. ஜி புரதங்களில் பல வகை உண்டு. நாளத்தின் தசைச் செல்லில் ஏடி-1 முதன்மையாகப் பயன்படுத்துவது ஜி-கியூ வகை. இந்தப் புரதங்களைக் கண்டறிந்தமைக்காக கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994-இலும், ஏற்பிகளை ஆராய்ந்தமைக்காக லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிந்த ஆல்பா துண்டு பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி, சவ்விலேயே சிறிதளவு இருக்கும் பிஐபி-2 என்ற கொழுப்பை இரண்டாகப் பிளக்கிறது. நீரில் கரையும் பாதியான ஐபி-3 செல்லின் உள்நீருக்குள் பரவுகிறது. கொழுப்புப் பாதியான டைஅசைல்கிளிசரால் சவ்விலேயே தங்கி, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை அங்கே வரவழைக்கிறது. இவை இரண்டையும் இரண்டாம் தூதுவர்கள் என்பார்கள். முதல் தூதுவரான ஹார்மோனின் பங்கு சவ்வின் வெளிப்புறத்திலேயே முடிந்துவிடுகிறது.

கால்சியம் ஏன் இவ்வளவு முக்கியம்? அது தசையை எப்படிச் சுருக்குகிறது?

ஓய்விலிருக்கும் செல்லின் உள்நீரில் தனித்துத் திரியும் கால்சியத்தின் செறிவு, செல்லுக்கு வெளியே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்காகச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவிட்டு, கால்சியத்தை வெளியேற்றியும், தனக்குள்ளேயே இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சேமிப்பறைக்குள் இறைத்துச் சேர்த்தும் வைக்கிறது. அணையில் தேக்கிய நீர் மதகைத் திறந்ததும் பாய்வது போல, ஐபி-3 எண்டோபிளாச வலையிலுள்ள தன் ஏற்பியில் அமர்ந்ததும் கால்சியம் உள்நீருக்குள் பாய்கிறது. ஒரு சில நொடிகளில் செறிவு பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. பிறகு செல் சவ்வில் உள்ள கால்சியத் தடங்களும் திறப்பதால், வெளியிலிருந்து வரும் கால்சியம் அந்த உயர்வை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது.

கால்சியம் தசைப் புரதத்தை நேரடியாகத் தொடுவதில்லை. கால்மோடுலின் என்ற சிறு புரதம் நான்கு கால்சியம் அயனிகளை ஏற்று, மயோசினின் சிறு சங்கிலிக்குப் பாஸ்பேட்டைச் சேர்க்கும் கைனேஸ் நொதியைத் தூண்டுகிறது. பாஸ்பேட் ஏறிய மயோசின், ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கிறது; செல் சுருங்குகிறது; நாளத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்த மென்தசைச் செல்கள் எல்லாம் சேர்ந்து சுருங்கும்போது நுண்தமனியின் துளை குறுகுகிறது.

எவ்வளவு குறுகினால் அழுத்தம் உயரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குழாயின் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. ஆரம் பத்து விழுக்காடு குறைந்தாலே தடை ஏறத்தாழ 52 விழுக்காடு உயரும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு சுருக்கம், உடல் முழுவதும் உள்ள நுண்தமனிகளில் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் கையில் கட்டும் கருவியின் எண் ஏறுகிறது.

கால்சியத்தின் உயர்வு சீக்கிரம் தணிந்துவிடுமே. சுருக்கம் ஏன் நீடிக்கிறது?

ஏனென்றால் சுருக்கம் என்பது பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதிக்கும் அதை நீக்கும் நொதிக்கும் இடையிலான இழுபறி. ஏடி-1 ஏற்பி, ஜி-12, ஜி-13 வகைப் புரதங்கள் வழியாக ரோ என்ற சிறு புரதத்தையும், அதன் மூலம் ரோ கைனேஸ் என்ற நொதியையும் தூண்டுகிறது. ரோ கைனேஸ், பாஸ்பேட்டை நீக்கும் நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. அதனால் கால்சியம் ஓரளவு இறங்கிய பின்னும் மயோசினில் பாஸ்பேட் அப்படியே இருக்கிறது. குறைந்த கால்சியத்திலேயே செல் அதே விசையோடு சுருங்கி நிற்கிறது. இதைக் கால்சிய உணர்திறன் கூடுதல் என்று சொல்வார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் ஐபி-3, கால்சியம் என்பதோடு நிறுத்திவிடுகின்றன. நாளம் மணிக்கணக்கில் இறுகியிருப்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது பாதை இல்லாமல் முடியாது என்பது என் கருத்து.

எல்லாச் செல்களிலும் இதே விளைவுதானா?

இல்லை, இந்த ஹார்மோனின் அழகே இங்கேதான் இருக்கிறது. ஏற்பி ஒன்று, உள்ளே எழும் கால்சியமும் ஒன்று. ஆனால் அந்தக் கால்சியத்தைக் கேட்கும் புரதங்கள் செல்லுக்குச் செல் வேறு.

அட்ரினல் சுரப்பியின் வெளி அடுக்கில் உள்ள செல்லை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆஞ்சியோடென்சின் 2 பொட்டாசியத் தடங்களை அடைப்பதால் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியத் தடங்கள் திறக்கின்றன. ஐபி-3 விடுவிக்கும் கால்சியமும் அதோடு சேர்கிறது. சுருங்குவதற்கு அந்தச் செல்லில் தசை இழைகள் இல்லை. கொலஸ்டிராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தையும், பின்னர் அதிலிருந்து ஆல்டோஸ்டிரோன் செய்யும் நொதியின் உற்பத்தியையும் அந்தச் சமிக்ஞை கூட்டுகிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்திற்குப் போய்ச் சோடியத்தையும் அதோடு நீரையும் உடலில் தங்க வைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் ஒரு ஸ்டீராய்டு ஆகையால், அது சவ்வைக் கடந்து செல்லுக்குள்ளேயே சென்று தன் ஏற்பியைச் சந்திக்கிறது.

சிறுநீரகத்தில் ரெனினைச் சுரக்கும் செல்லில் நடப்பது இன்னும் வியப்பானது. சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை கால்சியம் ஏறினால் கூடுதலாகச் சுரக்கும்; ரெனின் செல்லோ கால்சியம் ஏறினால் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எனவே ஆஞ்சியோடென்சின் 2 மிகுந்தால், அதே ஏடி-1 ஏற்பி வழியாகத் தன் பிறப்புக்குக் காரணமான ரெனினையே அடக்குகிறது. தன்னைத் தானே கட்டுப்படுத்தும் இந்த வளையத்தை நினைவில் வையுங்கள். மருந்துகளைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

மூளையில், இரத்தத்திலுள்ள பொருள்கள் நுழையாமல் காக்கும் தடுப்பு இல்லாத சில பகுதிகளில் இந்த ஹார்மோன் தாகத்தை எழுப்புகிறது. சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்தமனியை உள்ளே வரும் நுண்தமனியைவிடக் கூடுதலாகச் சுருக்கி, அழுத்தம் குறைந்த நேரத்திலும் வடிகட்டுதல் நின்றுவிடாமல் காக்கிறது.

நீண்ட காலம் தூண்டப்பட்டால் செல்லுக்கு என்ன ஆகும்?

நொடிகளில் நடப்பது சுருக்கம். நாள்களிலும் மாதங்களிலும் நடப்பது வளர்ச்சி. புரோட்டீன் கைனேஸ் சி உள்ளிட்ட நொதிகள் வழியாகச் சமிக்ஞை, ஒன்றையடுத்து ஒன்று பாஸ்பேட்டைக் கைமாற்றும் கைனேஸ் தொடருக்குப் போய், செல்லின் உட்கருவை எட்டி, மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றுகிறது. ஏடி-1 ஏற்பி, அருகிலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பியையும் மறைமுகமாகத் தூண்டிவிடுகிறது. இன்னொரு பாதையில், நாளச் செல்களில் உள்ள ஆக்சிடேஸ் நொதி சூப்பர்ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜனை உற்பத்தி செய்கிறது. அது நாளத்தைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் செயலிழக்கச் செய்வதால், சுருக்கும் விசை ஏறுவதோடு தளர்த்தும் விசையும் குறைந்துபோகிறது.

இவற்றின் கூட்டு விளைவாக நாளச் சுவரில் மென்தசை தடிக்கிறது, நார்ப்புரதம் படிகிறது. இதயத் தசைச் செல்கள் அளவில் பெரிதாகின்றன. அழுத்தத்தின் சுமையாலும் இதயம் தடிக்கும் என்பது உண்மை. ஆயினும் இந்தச் சமிக்ஞைக்குத் தனிப் பங்கு உண்டு. ஹார்மோனே இல்லாதபோதும், இதயச் செல் இழுபட்டாலே ஏடி-1 ஏற்பி தூண்டப்படக்கூடும் என்று 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இந்தச் சமிக்ஞை எப்படி நிற்கிறது?

ஜி புரதம் தான் பிடித்த மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே நீக்கி ஓய்வுக்குத் திரும்பும். ஐபி-3 சிதைக்கப்படும், கால்சியம் மீண்டும் இறைக்கப்படும். ஏற்பியின் வாலில் சில கைனேஸ்கள் பாஸ்பேட்டுகளைப் பதிக்க, அங்கே அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, ஜி புரதம் அணுகாதபடி மறைத்துவிடுகிறது. பிறகு ஏற்பி சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்கப்படுகிறது.

அரெஸ்டின் வெறும் தடுப்பு என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். அது தானும் கைனேஸ்களைத் தன்மேல் கூட்டி வைத்து ஒரு தனிச் சமிக்ஞையை எழுப்புகிறது என்பது பின்னர் தெரிந்தது. ஜி புரதப் பாதையை விட்டுவிட்டு அரெஸ்டின் பாதையை மட்டும் தூண்டினால் இதயத்திற்கு நல்லது என்ற எதிர்பார்ப்பில் டிஆர்வி-027 என்ற பெப்டைடு உருவாக்கப்பட்டு, திடீர் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனையில் பயன் கிட்டவில்லை. கருத்து பொய்யென்று அதனால் முடிவுகட்டிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஆய்வகத் தட்டில் பிரித்துக் காட்டிய பாதைகளை நோயாளியின் உடலில் பிரிப்பது எளிதன்று.

ஏடி-2 ஏற்பி எதற்கு?

அது இன்னொரு மரபணுவின் பொருள். கருவில் மிகுதியாகவும் வளர்ந்தவர்களில் குறைவாகவும் காணப்படுகிறது. பொதுவாக ஏடி-1 செய்வதற்கு எதிர்த் திசையில், நாளத்தைத் தளர்த்தியும் வளர்ச்சியை அடக்கியும் செயல்படுகிறது.

நாங்கள் சாப்பிடும் மாத்திரைகள் இந்தப் பாதையில் எந்த இடத்தைத் தடுக்கின்றன?

எனலாப்ரில், ராமிப்ரில் போல 'ப்ரில்' என்று முடிபவை ஏசிஇ நொதியைத் தடுத்து ஹார்மோன் உருவாவதையே குறைக்கின்றன. இவற்றின் தொடக்கம் பிரேசிலின் ஜராராகா என்ற குழிவிரியன் பாம்பின் நஞ்சு. அந்த நஞ்சில் நாளத்தைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளின் விளைவை வலுவாக்கும் பெப்டைடுகள் இருப்பதை செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல் வெளியிட்டார். அவை ஏசிஇயைத் தடுக்கின்றன என்பது பின்னர் விளங்கியது. அந்த அறிவிலிருந்து குஷ்மனும் ஒண்டெட்டியும் வாய்வழி கொடுக்கத்தக்க காப்டோப்ரிலை வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் 1981-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஏசிஇ நொதியே பிராடிகைனினையும் சிதைப்பதால், அதைத் தடுக்கும்போது பிராடிகைனின் சேர்ந்து சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது.

லோசார்டன், டெல்மிசார்டன் போல 'சார்டன்' என்று முடிபவை ஏடி-1 ஏற்பியின் குழியில் அமர்ந்து ஹார்மோனை அண்டவிடாமல் செய்கின்றன. முதலாவதான லோசார்டன் 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிராடிகைனினை இவை தொடுவதில்லை என்பதால் இருமல் அரிது. அம்லோடிபின் வேறு வகை: அது ஏற்பியை விட்டுவிட்டு, வெளியிலிருந்து கால்சியம் நுழையும் தடத்தை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் பொருத்தம் இப்போது விளங்கும். ஒரே பாதையின் இரு வேறு இடங்களில் அவை தடுக்கின்றன. ஆனால் ப்ரிலையும் சார்டனையும் சேர்ப்பது அப்படியன்று. 25,620 பேரைக் கொண்டு ராமிப்ரில், டெல்மிசார்டன் இரண்டையும் தனியாகவும் சேர்த்தும் ஒப்பிட்ட, 2008-இல் வெளியான பெரும் சோதனையில், சேர்த்துக் கொடுத்ததால் நன்மை கூடவில்லை, பாதகங்களே கூடின.

சார்டன் சாப்பிட்டால் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் 2 கூடும் என்கிறார்களே, அது ஆபத்தில்லையா?

கூடுவது உண்மை. முன்பு சொன்ன வளையத்தை நினைத்துப் பாருங்கள்: ரெனின் செல்லின் ஏடி-1 ஏற்பியும் அடைபட்டுவிடுவதால், ரெனினை அடக்கும் சமிக்ஞை அங்கே போய்ச் சேர்வதில்லை, ரெனின் ஏறுகிறது, அதோடு ஹார்மோனும் ஏறுகிறது. ஆனால் அமர்வதற்கு ஏடி-1 இடம் தராததால், சுருக்கமும் வளர்ச்சியும் எழுவதில்லை. அடைபடாத ஏடி-2 ஏற்பிக்கு அந்த ஹார்மோன் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதும் இதன் ஒரு பகுதி.

அழுத்தம் 120/80 என்று வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியைத்தான் மிகுதியாகக் கேட்கிறார்கள், ஆகவே இதற்கு அழுத்தமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். மருந்து ஏற்பியைச் சரிசெய்துவிடுவதில்லை. இருக்கும் வரை அதன் குழியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து உடலை விட்டு நீங்கியதும் குழி திறந்துகொள்ளும். அழுத்தம் மெல்ல ஏறும். அதைவிடக் கவலை தருவது, நாளச் சுவரும் இதயமும் தடிக்கும் மெதுவான வேலை எந்த வலியும் தலைசுற்றலும் இல்லாமல் மறுபடி தொடங்கிவிடும் என்பதே. எண் சரியாக இருப்பது மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம்.

யார் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்?

கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ப்ரில், சார்டன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். கருவின் சிறுநீரகம் வளர இந்தச் சமிக்ஞை தேவை. இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவர்களுக்கு வடிகட்டுதல் சட்டென்று குறையலாம். ஆல்டோஸ்டிரோன் குறைவதால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். அதற்காகவே மருத்துவர் இடையிடையே இரத்தப் பரிசோதனை கேட்கிறார். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும் நாள்களில் மாத்திரையைத் தொடர்வதா என்பதையும் மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும்.

இந்த ஹார்மோனையே மருந்தாகக் கொடுப்பதுண்டா?

உண்டு. கடும் தொற்றால் நாளங்கள் தளர்ந்து, மற்ற மருந்துகளுக்கும் இணங்காமல் இரத்த அழுத்தம் சரிந்துவிடும் அதிர்ச்சி நிலையில், செயற்கையாகத் தயாரித்த ஆஞ்சியோடென்சின் 2-ஐச் சிரை வழியே செலுத்துகிறார்கள். 2017-இல் வெளியான சோதனையில், மூன்றாவது மணி நேரத்தில் அழுத்தம் இலக்கை எட்டியவர்கள் இந்த ஹார்மோனைப் பெற்றவர்களில் 69.9 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 23.4 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்திற்கு 20 நானோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தொடங்குவார்கள்; ஹார்மோன் ஒரு நிமிடத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடுவதால், அதை ஊசியாக ஒருமுறை போட்டு விட்டுவிடாமல், சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.